பாஸ்போர்ட் யாருடையது

நாகேஷ் ஷார்ஜாவுக்குத் திரும்பிப் போன மூன்றாம் நாள், சங்கமித்ரா தன் பெட்டியின் உள் ஜிப்பைத் திறந்து பார்த்தாள். பாஸ்போர்ட் இல்லை.

துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறினாள். கைப்பை, மருந்துக் கவர், அலமாரியின் மேல்தட்டு எல்லாவற்றையும் பார்த்தாள். அமீரகத்து அடையாள அட்டை பர்ஸில் இருந்தது. திரும்பிப் போகிற டிக்கெட் போனில் இருந்தது. பாஸ்போர்ட்டை மட்டும் காணோம். வந்த அன்றைக்கே அதை உள்ளே வைத்து ஜிப்பை இழுத்து மூடியது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

கூடத்துக் கட்டிலில் மாமனார் பெருமாள்சாமி படுத்தபடி டிவி பார்த்துக்கொண்டிருந்தார். ரயில்வேயில் பெயின்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். நான்கு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. வலது கை மட்டும் பழைய பலத்தோடு இருந்தது. அதில் எந்நேரமும் ரிமோட் இருக்கும்.

“மாமா, என் பாஸ்போர்ட்டைப் பாத்தீங்களா?”

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அவன் எடுத்துட்டுப் போயிருப்பான்.”

“என்னோடதை அவர் எதுக்கு எடுத்துட்டுப் போகணும்?”

“பொண்டாட்டியோடதைப் புருஷன் எடுக்காம பக்கத்து வீட்டுக்காரனா வந்து எடுப்பான்?”

சங்கமித்ரா மாடிப்படிக்குப் போய் நின்று நாகேஷுக்குப் போன் போட்டாள். அவன் ஷார்ஜாவில் ஒரு குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். ஒரு மாச லீவில் இரண்டு பேரும் சேர்ந்துதான் பெங்களூருக்கு வந்தார்கள். பத்து நாள் ஆனதும், கம்பெனியில் அவசரமாகக் கூப்பிடுகிறார்கள் என்று அவன் மட்டும் கிளம்பிவிட்டான்.

“தேடாதே. என்கிட்ட பத்திரமா இருக்கு” என்றான்.

“உங்ககிட்ட இருந்தா நான் எப்படி வர்றது?”

“இப்ப எதுக்கு வரணும்? அப்பாவுக்கு ஒரு ஆள் வேணும். அக்கா எத்தனை வருஷம் தனியா பாப்பா? நீ ஒரு ஆறு மாசம் இரு. அப்புறம் பாக்கலாம்.”

“ஆறு மாசம் வெளியில இருந்தா என் விசா போயிடும். வேலையும் போயிடும்.”

“போகட்டும். நான் மறுபடியும் ஃபேமிலி விசாவுல கூட்டிக்கறேன்.”

அந்த வார்த்தையில்தான் அவளுக்கு எல்லாம் புரிந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் அவனுடைய விசாவில்தான் ஷார்ஜாவுக்குப் போனாள். ஒரு வருஷம் நாலு சுவருக்குள் இருந்து பார்த்துவிட்டு, விமானங்களுக்குச் சாப்பாடு தயாரிக்கிற கம்பெனியில் தட்டு அடுக்கும் வேலையில் சேர்ந்தாள். கம்பெனி அவளுக்குத் தனி விசா எடுத்துக் கொடுத்தது. அதற்குப் பிறகு அவளை நிறுத்திவைக்க நாகேஷ் கையெழுத்துப் போட வேண்டிய காகிதம் எதுவும் இல்லாமல் போனது. ஒவ்வொரு சண்டையிலும் அவன் அதைச் சொல்லிக் காட்டுவான். “என் விசாவுல இருந்தவரைக்கும் ஒழுங்கா இருந்தே.” அந்த விசாவை அவனால் ரத்து செய்ய முடியாது. பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துக்கொள்ள முடியும்.

“பாஸ்போர்ட்டை அனுப்பி வைங்க” என்றாள்.

“முடியாது. என்ன பண்ணுவே?”

“நீ செய்யறது தப்பு நாகேஷ்.” அவனை நீ என்று அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவன் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு லைனை வெட்டினான்.

மதியம் இரண்டு மணிக்கு நாத்தனார் சரளா வந்தாள். நாகேஷுக்கு இரண்டு வயது மூத்தவள். கல்யாணம் ஆகவில்லை. அல்சூரில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் காலை ஷிப்டு மட்டும் பில் போடுகிறாள். மீதி நேரமெல்லாம் அப்பாவோடுதான்.

“அண்ணி, உங்களுக்குத் தெரியாம இது நடந்திருக்காது. என் பெட்டியைத் திறந்தது யாரு?”

சரளா செருப்பைக் கழற்றினாள். கட்டிலுக்குக் கீழே இருந்த சிறுநீர்க் குடுவையை எடுத்துப் போய்க் கொட்டிக் கழுவிக்கொண்டு வந்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டே பதில் சொன்னாள்.

“ரெண்டு வருஷமா நீ அங்கே பிளேன்ல போறவங்களுக்குத் தட்டு அடுக்கறே. நான் இங்கே நாலு வருஷமா இதைக் கழுவறேன். எனக்கு ஃபுல் டைம் வேலை வந்துச்சு, போகல. ரெண்டு இடத்துல இருந்து பொண்ணு கேட்டு வந்தாங்க. அப்பாவைப் பாத்துட்டு காபிகூடக் குடிக்காம எழுந்து போயிட்டாங்க. உன் பாஸ்போர்ட்டு காணோம்னா ஊரே தலைகீழா ஆயிடணுமா?”

“அதை உங்க தம்பிகிட்ட கேளுங்க. என் பெட்டியில கை வெக்காதீங்க.”

“யாருடி கை வெச்சா?”

“டி போட்டுப் பேசாதீங்க.”

“போடுவேன். இது எங்கப்பா வீடு.”

பெருமாள்சாமி டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் அவளோடு யாரும் பேசவில்லை. சரளா இரண்டு பேருக்கு மட்டும் சமைத்தாள். சங்கமித்ரா சமைக்கப் போனால், கேஸ் தீரப் போகிறது என்று வால்வைத் திருகி மூடிவிட்டுப் போவாள். சந்தாபுராவிலிருந்து அம்மா போன் பண்ணி, “இங்கே வந்துடு, இங்கிருந்து பாத்துக்கலாம்” என்று அழுதாள். சங்கமித்ரா போகவில்லை. வெளியே போனால் கதவு திறக்காது என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். ஒரு பெண் எஸ்.ஐ. இருந்தார். பாதி கன்னடத்திலும் பாதி தமிழிலும் பேசினார். “களெது ஹோய்த்தா, கத்ரா?” என்றார். தொலைந்ததா, திருடினார்களா?

“ரெண்டும் இல்ல மேடம். என் வீட்டுக்காரர் எடுத்து வெச்சுக்கிட்டு கொடுக்க மாட்டேங்கறாரு.”

“புருஷன் எடுத்தா திருட்டுன்னு எப்படிம்மா எழுதறது? நான் ஈஸியான வழி சொல்றேன். தொலைஞ்சு போச்சுன்னு ஆன்லைன்ல போடு, ரசீது வரும். அதை வெச்சுப் புதுசு வாங்கிக்கோ.”

“தொலையலையே மேடம்.”

“சும்னே, வீணா கேஸ் கேஸ்னு அலையாதேம்மா. குடும்பத்து விஷயம். கூப்பிட்டு வெச்சுப் பேசுங்க.”

வெளியே வந்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை. தாடை வலித்தது. எவ்வளவு நேரமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஆட்டோ பிடித்து விவேக் நகருக்குப் போனாள். அங்கே சர்ச்சுக்குப் போகிற தெருவில், அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்த தீபிகா சின்னதாக ஒரு கடை வைத்திருந்தாள். பான் கார்டு, ஆதார், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் ஃபார்ம் நிரப்பிக் கொடுப்பது அவள் தொழில்.

“தொலைஞ்சு போச்சுன்னு போட்டுக் கொடு தீபி. எனக்கு இன்னும் பதினாறு நாள்தான் இருக்கு.”

நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு தீபிகா கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள்.

“ஒரு தடவை தொலைஞ்சதுன்னு போட்டா அந்த பாஸ்போர்ட் செத்துச்சு. நாளைக்கே கெடச்சாலும் அதை வெச்சு பிளேன் ஏற முடியாது. தொலைஞ்ச கேஸை அவசரத்துக்குக் கொடுக்கற தத்கால்ல எடுக்க மாட்டாங்க. நார்மல்ல போட்டு, போலீஸ் வெரிஃபிகேஷன் முடியற வரைக்கும் காத்திருக்கணும். வெரிஃபிகேஷன் எந்த வீட்டுக்கு வரும்?”

“மாமனாரோட மர்பி டவுன் வீட்டுக்குத்தான்.”

“அங்கே கதவைத் திறந்து பதில் சொல்றது யாரு?”

“மாமாவும் அண்ணியும்” என்றாள் சங்கமித்ரா.

தீபிகா மேஜை டிராயரிலிருந்து தன் பாஸ்போர்ட்டை எடுத்து, பின்பக்கம் சின்ன எழுத்தில் அச்சடித்திருந்ததை விரலால் காட்டித் தமிழில் சொன்னாள். “இது இந்திய அரசாங்கத்தோட சொத்துன்னு போட்டிருக்கு பாரு. யார் பேர்ல இருக்கோ அவங்க கையில இருக்கணும், இல்லேன்னா அவங்க சம்மதிச்ச ஆள் கையில இருக்கணும். நீ சம்மதிச்சியா?”

“இல்ல.”

“அப்போ எஸ்.ஐ. வாயில சொன்னதைக் கேட்டுட்டு வந்ததுதான் தப்பு. எழுத்துல கொடுக்கணும். இன்னொண்ணு சொல்லு. அவன் நெஜமாவே அதை எடுத்துட்டுப் போனானா? கூட ஆள் இல்லாம, பொண்டாட்டி பாஸ்போர்ட்டை மட்டும் பையில போட்டுக்கிட்டு இமிக்ரேஷன்ல போய் நிக்கற தைரியம் உன் புருஷனுக்கு இருக்கா?”

சங்கமித்ரா யோசித்தாள். ஹெல்மெட் போட்டிருந்தாலும் டிராஃபிக் போலீஸைக் கண்டால் வண்டியைச் சந்துக்குள் திருப்புகிறவன் அவன். கிளம்பிய அன்று ஏர்போர்ட்டிலிருந்து போன் பண்ணி, மசாலாப் பொடிப் பொட்டலங்களுக்காக மொத்தப் பையையும் கொட்டிப் பார்த்தார்கள் என்று அவளிடம்தான் கத்தினான். வேறொருத்தர் பாஸ்போர்ட் கிடைத்திருந்தால் அங்கேயே நிறுத்தி வைத்துக் கேட்டிருப்பார்கள்.

“வீட்டுலதான் இருக்கு” என்றாள்.

அடுத்த நாட்களில் சரளா கடைக்குப் போனதும் அவள் தேடினாள். அரிசி டிரம்முக்குள் கையை விட்டுத் துழாவினாள். பரண் மேலிருந்த பாத்திரங்களை இறக்கினாள். புத்தர் படத்தைக் கழற்றிப் பின்புறம் பார்த்தாள். கட்டிலிலிருந்து பெருமாள்சாமி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். “நல்லாத் தேடு. வீடாவது சுத்தமாகும்” என்றார். படுக்கை விரிப்பை மாற்றப் போனபோது மட்டும் அவள் மணிக்கட்டை வலது கையால் பிடித்துத் திருகினார். “என் படுக்கையைத் தொடாதே. சரளா வந்து மாத்துவா.” விரல் தடம் சாயங்காலம்வரை சிவந்திருந்தது.

லீவு முடிய ஏழு நாள் இருந்தபோது தீபிகா கன்னடத்தில் இரண்டு பக்கத்துக்குப் புகார் டைப் செய்து கொடுத்தாள். அன்று வெள்ளிக்கிழமை. நாகேஷுக்கு வார லீவு. சரளா வேலை முடிந்து வந்ததும் சங்கமித்ரா கூடத்தின் நடுவில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நாகேஷுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

“ஸ்டேஷன்ல கொடுக்கப் போறேன். கொடுக்கறதுக்கு முன்னாடி உங்களுக்குப் படிச்சுக் காட்டறேன். அப்புறம் சொல்லலைன்னு சொல்லாதீங்க.”

வரி வரியாகத் தமிழில் சொன்னாள். அரசாங்கத்தின் சொத்தை, அவள் சம்மதம் இல்லாமல், அவளை நாட்டை விட்டுப் போகவிடாமல் தடுப்பதற்காக மூன்று பேர் சேர்ந்து மறைத்து வைத்திருக்கிறார்கள். முதல் பெயர் நாகேஷ். இரண்டாவது பெருமாள்சாமி. மூன்றாவது சரளா.

பெருமாள்சாமி சிரித்தார். “வந்து பிடிச்சுட்டுப் போகச் சொல்லு. கட்டிலோட தூக்கிட்டுப் போகட்டும்.”

“என் பேரு எதுக்கு?” என்றாள் சரளா. குரல் உயர்ந்தது. “என் பேரை எதுக்குடி போட்டே?”

“போட்டுக்கட்டும் அக்கா. அதெல்லாம் காகிதம், நிக்காது” என்றது போன்.

“நாகேஷ், உன் பாஸ்போர்ட் மார்ச் மாசத்தோட முடியுது” என்றாள் சங்கமித்ரா. “ஃபார்ம் நிரப்பினது நான்தானே, தேதி தெரியும். அங்கே கான்சுலேட்ல புதுசுக்குக் கொடுத்தாலும் வெரிஃபிகேஷன் இந்த ஸ்டேஷனுக்குத்தான் வரும். அங்கே உன் பேர்ல கேஸ் இருந்தா என்ன எழுதி அனுப்புவாங்க, நீயே சொல்லு.”

அந்தப் பக்கம் யாரோ இந்தியில் பேசிக்கொண்டு கடந்து போனார்கள்.

“அக்கா” என்றான் நாகேஷ். “கொடுத்துடுக்கா.”

“என்னத்தை?”

“அதான், அவ பாஸ்போர்ட்டு. நீ எதுக்கு வெச்சிருக்கே? பத்திரமா வைன்னுதானே சொன்னேன். ஒளிச்சு வைன்னு சொன்னேனா? போலீஸ் கேட்டா நான் அப்படித்தான் சொல்லுவேன். நீயா பண்ணதுக்கு நான் எப்படிப் பொறுப்பாக முடியும்?”

சரளா போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் இருந்த கோபம் போய்விட்டது. அதற்குப் பதிலாக வந்தது என்னவென்று சங்கமித்ராவுக்குப் பிடிபடவில்லை. சரளா குனிந்து போனை அணைத்தாள். நேராகக் கட்டிலுக்குப் போய் அப்பாவின் தலைக்குக் கீழே கையை விட்டுத் தலையணை உறைக்குள்ளிருந்து பாஸ்போர்ட்டை உருவினாள்.

“ஏய் சரளா, வை அதை!”

“விடுங்கப்பா.”

“அது போனா இவ போயிடுவா. அப்புறம் நீயும் போயிடுவே. எனக்குத் தெரியாதா?”

அவர் வலது கை அதன் பின் அட்டையைப் பிடித்துக்கொண்டது. சரளா இழுத்தாள். சங்கமித்ரா எழுந்து ஓடி வருவதற்குள் தையல் விட்டுப்போய், பின் அட்டையும் கடைசிப் பக்கமும் குறுக்காகக் கிழிந்து அவர் கையோடு போயின. மீதி சரளாவிடம் இருந்தது. அவர் தன் கையிலிருந்ததைக் கசக்கி முஷ்டிக்குள் வைத்துக்கொண்டார்.

“இந்தா, இப்போ போ. எந்த பிளேன்ல ஏத்தறாங்கன்னு பாக்கறேன்” என்றார். மூச்சு வாங்கியது. ஆனாலும் வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தார்.

இரண்டு பெண்களும் சேர்ந்து முயன்றும் அந்த விரல்களைப் பிரிக்க முடியவில்லை. சங்கமித்ரா அவரை அடித்துவிடுவோமோ என்று பயந்து சமையலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆறு மணிக்கு சரளா அங்கே வந்தாள். கசங்கிய அட்டையை மேடை மேல் வைத்தாள். “மாத்திரைக்குக் கையை நீட்டினப்போ விட்டுட்டாரு.”

சங்கமித்ரா அதை எடுத்து நீவிக்கொண்டிருந்தாள்.

“ஸ்டேஷனுக்கு எப்போ போறே?”

“நாளைக்குக் காலையில.”

“நானும் வரேன்.” சங்கமித்ரா நிமிர்ந்து பார்த்ததும் சரளா கையை உயர்த்தினாள். “உனக்காக வரல. நீ எனக்கு ஒண்ணும் பண்ணதில்ல, நானும் உனக்கு ஒண்ணும் பண்ணப் போறதில்ல. நீயா பண்ணேன்னு சொன்னான் பாரு. அதுக்காக வரேன்.”

மறுநாள் அதே எஸ்.ஐ. இருந்தார். கிழிந்த பாஸ்போர்ட்டை மேஜை மேல் வைத்ததும் பேனாவை மூடி வைத்தார். சரளா தன் போனில் நாகேஷ் அனுப்பியிருந்த வாய்ஸ் மெசேஜைப் போட்டுக் காட்டினாள்.

“அக்கா, அவ பெட்டியில உள் ஜிப்புல இருக்கு. அவ குளிக்கப் போறப்போ எடுத்து அப்பா தலையணைக்குள்ள போட்டுடு. கேட்டா என்கிட்ட இருக்குன்னு நான் சொல்லிக்கறேன். எங்கே போயிடுவா, பாத்துடறேன்.”

எஸ்.ஐ. இரண்டு தடவை கேட்டார். பிறகு சங்கமித்ராவிடம், “இதை அன்னைக்கே கொண்டு வந்திருக்கலாமே” என்றார்.

“அன்னைக்கு நீங்க தொலைஞ்சதுன்னு எழுதச் சொன்னீங்க மேடம்.”

அவர் முகம் சிறுத்தது. ஸ்டேஷன் ரைட்டரைக் கூப்பிட்டுப் புகாரைப் பதியச் சொன்னார். மூன்றாவது பெயரை அடித்துவிட்டு, சரளா சாட்சியாகக் கையெழுத்துப் போட்டாள். திரும்பி வரும்போது ஆட்டோவில் இரண்டு பேரும் ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கைப்பை இருந்தது.

கிழிந்ததைப் பார்த்து தீபிகா முதலில் தலையில் கை வைத்தாள். பிறகு புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். முன்பக்கத்தில் போட்டோவும் நம்பரும் கொஞ்சம்கூடச் சேதமில்லாமல் இருந்தன. போனது பின்னால் இருந்த முகவரிப் பக்கம்.

“இது தொலைஞ்ச கேஸ் இல்ல. கிழிஞ்ச கேஸ். போட்டோவும் நம்பரும் தெரிஞ்சா தத்கால்ல போடலாம். கெழவன் உன்னை நிறுத்தறேன்னு கிழிச்சு, சீக்கிரம் போற வழியைத் திறந்து விட்டுட்டான்.”

சங்கமித்ராவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஷார்ஜாவுக்குப் போன் பண்ணி, கம்பெனியில் விசா வேலைகளைப் பார்க்கிற யூனிஸ் என்ற மங்களூர்ப் பெண்ணிடம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள். யூனிஸ் இடையில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. “சம்பளம் இல்லாம எட்டு நாள் லீவு நீட்டித் தரேன். அதுக்கு மேல என்னால முடியாது. புது நம்பர் வந்த உடனே ரெண்டு காப்பியும் அனுப்பு, இங்கே மாத்தணும்” என்றாள்.

திங்கட்கிழமை பாஸ்போர்ட் அலுவலகத்தில் மூன்றாவது கவுன்டரில் இருந்த அதிகாரி எப்படிக் கிழிந்தது என்று கேட்டார். மழையில் நனைந்தது, குழந்தை கிழித்தது என்று பக்கத்தில் ஆட்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவள் நடந்ததை நடந்தபடி எழுதி, புகாரின் நகலையும் இணைத்துக் கொடுத்தாள். அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் படித்தார். “கணவர் பெயர் புதுசுலயும் இருக்கணுமா?” என்றார்.

“வேணாம்னா என்ன பண்ணணும் சார்?”

“கோர்ட்டு பேப்பர் வேணும்.”

“அப்போ இப்போதைக்கு இருக்கட்டும்.”

பழையது ரத்தான முத்திரையோடு அவள் கைக்குத் திரும்பி வந்தது. புதியது தபாலில் வரும் என்றார்கள். யார் பேரில் வருகிறதோ அவர் கையில்தான் தபால்காரர் கொடுப்பார். இல்லாவிட்டால் திரும்பிப் போய்விடும். புதன்கிழமை காலை எட்டு மணியிலிருந்து அவள் மர்பி டவுன் வீட்டு வாசலை விட்டு நகரவில்லை. உள்ளே போய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அன்று தபால் வரவில்லை. வியாழக்கிழமை பன்னிரண்டரைக்குத் தபால்காரர் வண்டியை நிறுத்திப் பேரைக் கேட்டபோது, உள்ளேயிருந்து பெருமாள்சாமி, “அப்படி யாரும் இங்கே இல்ல” என்று கத்தினார். தபால்காரர் அவளையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். சங்கமித்ரா ஆதார் அட்டையை நீட்டினாள்.

கம்பெனியில் நம்பரை மாற்றி முடிக்க நான்கு நாள் ஆனது. கிளம்புகிற அன்று பெட்டியோடு கூடத்தைத் தாண்டினாள். பெருமாள்சாமி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தூங்கவில்லை என்று தெரிந்தது. அவள் சொல்லிக்கொள்ளவில்லை. சரளா கதவருகில் நின்றாள்.

“போய்ட்டு வரேன்னு சொல்லாதே” என்றாள் சரளா. “வராதே. போனும் பண்ணாதே. உன் குரலைக் கேட்டா எனக்கு எரியும்.”

“சரி அண்ணி.”

“அண்ணின்னும் கூப்பிடாதே.”

ஷார்ஜாவில் அவள் நாகேஷின் அறைக்குப் போகவில்லை. கம்பெனி ஹாஸ்டலில் நான்கு பேர் இருக்கிற அறையில் ஒரு கட்டில் வாங்கிக்கொண்டாள். இரண்டு மாசம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மதியம், கேட்டில் ஆள் வந்திருப்பதாக வாட்ச்மேன் சொன்னார். நாகேஷ் நின்றிருந்தான். மெலிந்திருந்தான். முதலில் நயமாகப் பேசினான்.

“மித்ரா, நடந்தது நடந்துபோச்சு. கான்சுலேட்ல என் அப்ளிகேஷனை நிறுத்தி வெச்சிருக்காங்க. பெங்களூர் ஸ்டேஷன்ல இருந்து கிளியரன்ஸ் வரலையாம். பாஸ்போர்ட் முடிஞ்சா என் விசாவும் முடியும். கம்ப்ளெய்ன்டை வாபஸ் வாங்கு. உன் கால்ல வேணா விழறேன்.”

“விழ வேணாம்.”

“அப்போ வாங்கறியா?”

“கையெழுத்துப் போட்டது நான் மட்டும் இல்ல. உங்க அக்காவைக் கேட்டியா?”

“அவ என் போனை எடுக்கறதில்ல.”

“அப்போ நேர்ல போய்க் கேளு. உன் பாஸ்போர்ட்ல இன்னும் ஒரு மாசம் இருக்கு.”

அவன் கேட் கம்பியைப் பிடித்து உலுக்கினான். வேலைக்குப் போனதிலிருந்து அவள் யாரோடு சுற்றுகிறாள் என்று தனக்குத் தெரியும் என்றான். அவள் அம்மாவைப் பற்றிச் சொன்னான். அவள் சாதியும் தன் சாதியும் ஒன்றாக இருந்தும் அவள் புத்தி ஏன் இப்படிப் போனது என்று கேட்டான். ஹாஸ்டல் ஜன்னல்களில் முகங்கள் தெரிந்தன. வாட்ச்மேன் நடுவில் வந்து நின்றார். சங்கமித்ரா கடைசிவரை கேட்டாள். கேட்டுக்கொண்டே இருந்தால் அவனிடமிருந்து வருவதற்கு வார்த்தை தீர்ந்துவிடும் என்று அவளுக்கு அந்த மூன்று வருஷத்தில் தெரிந்திருந்தது. தீர்ந்ததும் அவன் நடந்து போனான்.

பிப்ரவரிக் கடைசியில் அவன் ஊருக்குப் போனான். தீபிகா ஒரு வாய்ஸ் மெசேஜில் சொன்னாள். நாகேஷ் வந்து இறங்கிய மறுநாள் சரளா வீட்டுச் சாவியையும் மாத்திரைச் சீட்டையும் அவன் முன்னால் வைத்துவிட்டு, சந்தாபுராவில் ஒரு மருந்துக் கடையில் முழு நேர வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். பக்கத்திலேயே அறை எடுத்திருக்கிறாள். வாபஸ் வாங்கச் சொல்லி அவன் கடை வாசலில் போய் நின்றபோது, வாடிக்கையாளர்கள் முன்னாலேயே அவனை வெளியே போகச் சொன்னாளாம். கேஸ் நடக்கிறது. குடோன் கம்பெனி அவன் இடத்துக்கு வேறு ஆளை எடுத்துவிட்டது. இப்போது அப்பாவின் குடுவையை அவன்தான் கழுவுகிறான்.

சங்கமித்ரா அதை இரண்டு தடவை கேட்டாள். சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள். வந்தது கொஞ்சம்தான். சரளாவின் நம்பரை எடுத்து, ஏதாவது அனுப்பலாமா என்று பார்த்தாள். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அதற்குள் ஷிப்டு பஸ் வந்துவிட்டது. வேலையில் தலைக்குப் போடும் வலைத்தொப்பியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.